முழுச் சூரிய கிரகணத்தைப் படம் எடுப்பது எப்படி? காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் ஆகியவற்றைப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். முழுச் சூரிய கிரகணத்துக்காக இரண்டு முறை ஊரைவிட்டுப் போயிருக்கிறேன். 2009 ஜூலை 22 அன்று பீகாரில் உள்ள தாரேக்னாவில் மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்பினேன். 2024 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகருக்கு அருகில், மகள் வீட்டுப் பின்புறத்தில் நின்று படம் எடுத்தேன். 2027 ஆகஸ்ட் 2 அன்று வரவிருக்கும் நீண்ட கிரகணத்தைப் பற்றித் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முழுக் கிரகணத்தை நம் ஊரிலிருந்தே படம் எடுக்க முடியாதா?

2027இல் முடியாது. நிலவின் கருநிழல் பூமியின் மேல் ஒரு குறுகிய பட்டையாகவே ஓடும். அந்தப் பட்டைக்குள் நிற்பவர்களுக்குத்தான் சூரியன் முழுவதும் மறையும். இம்முறை அந்தப் பட்டை தென் ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவுதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாகச் சென்று இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. நமக்கு அன்று மாலை சூரியனின் ஓரத்தில் ஒரு சிறு கடி விழுந்தது போன்ற பகுதி கிரகணம் மட்டுமே கிடைக்கும்.

99 விழுக்காடு மறைந்தால் முழுக் கிரகணத்தில் 99 விழுக்காட்டைப் பார்த்ததாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். முழுக் கிரகணத்தில் மட்டும் சூரியனைச் சுற்றித் தெரியும் மங்கிய ஒளியை ஒளிமகுடம் என்பார்கள். மிஞ்சியிருக்கும் ஒரு விழுக்காட்டுச் சூரியனே அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமானது. அது இருக்கும்வரை வானம் இருளாது, ஒளிமகுடமும் தெரியாது. பட்டைக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் வெளியேதான்.

அப்படியானால் இந்தப் பக்கம் முழுக் கிரகணம் வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. 1871 டிசம்பர் 12 அன்று கருநிழல் கேரளக் கரையில் உள்ள பேக்கல் கோட்டைக்கு அருகே தரையேறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிப் போனது. பேக்கலில் நார்மன் லாக்கியர், நீலகிரியின் சோலூரில் ஜூல் ஜான்சன், அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் போக்சன், நம் காவிரிப் படுகைக்குத் தெற்கு விளிம்பான புதுக்கோட்டையில் இத்தாலிய வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி என்று உலகின் பெரிய வானியலாளர்கள் பலர் அந்தப் பட்டை நெடுகிலும் காத்திருந்தார்கள். பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் ஒளிமகுடத்தை ஒளிப்படமாகவும் எடுத்தார்கள். ஒளிமகுடத்தின் முதல் நல்ல ஒளிப்படம் 1851இல் கோனிக்ஸ்பர்க் நகரில்தான் எடுக்கப்பட்டது. அதற்கு இருபதே ஆண்டுகளில் அந்தக் கலை நம் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டிய காலம் அது. மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று நாம் குறைபட்டுக்கொள்ளும்போது அவர்களை நினைத்துக்கொள்வது நல்லது.

2019 டிசம்பர் 26 அன்று திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நாம் பார்த்த வளைய கிரகணத்தின் பாதை ஏறத்தாழ அதே தடத்தில்தான் போனது.

2019இல் வளைய கிரகணத்தை நன்றாகவே படம் எடுத்தேன். அதே முறை இதற்கும் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வியும் இதுதான். வளைய கிரகணத்தில் சூரியனின் விளிம்பு கடைசிவரை எரிந்துகொண்டே இருக்கும் என்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை வடிகட்டி லென்ஸின் முன்னாலேயே இருக்க வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, ஒருமுறை சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் அதை மாற்றவும் வேண்டியதில்லை. முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறையும் வேளையில் வடிகட்டியை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் படத்தில் கறுப்பைத் தவிர ஒன்றும் பதியாது. சூரியன் மறுபுறம் எட்டிப் பார்க்கும்போது அதைத் திரும்ப மாட்டியும் ஆக வேண்டும், மாட்டாவிட்டால் கேமராவுக்கும் கண்ணுக்கும் கேடு. இந்த இரண்டு செயல்களுக்கு இடையில் ஆயிரம் மடங்கு வேறுபாடுள்ள ஒளிகளைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் திடீரென்று இருட்டி, பறவைகள் கூடு திரும்பி, சுற்றி நிற்பவர்கள் கூச்சலிடும் வேளையில், நடுங்கும் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

எந்த வடிகட்டி வாங்க வேண்டும்? எக்ஸ்ரே படலம், வெல்டிங் கண்ணாடி, மஞ்சள் தண்ணீர் எல்லாம் உதவுமா?

சூரிய ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் சூரிய வடிகட்டிதான் வேண்டும். அதன் அடர்த்தி எண் 5 என்று குறிக்கப்பட்டிருக்கும். பாடர் நிறுவனத்தின் படலத்தில் 5 என்றும் 3.8 என்றும் இரு வகைகள் உண்டு. 3.8 எண் கொண்டது படம் எடுப்பதற்கு மட்டுமே, அதன் வழியாகக் கண்ணால் பார்க்கவே கூடாது. நேராகக் கண்ணால் பார்க்கும் கிரகணக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக் குறியீடு இருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியை அணிந்தபடி கேமராவின் கண்ணோக்கி வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ பார்ப்பது பேராபத்து. லென்ஸ் குவிக்கும் வெப்பம் அந்த மெல்லிய தாளை நொடியில் பொசுக்கிவிடும். வடிகட்டி எப்போதும் லென்ஸின் முன்பக்கம், சூரியனைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

எக்ஸ்ரே படலம், புகையேற்றிய கண்ணாடி, பழைய நெகடிவ் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்தாலும், தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக விடக்கூடியவை. கண் கூசவில்லை என்பதற்காக அவற்றை நம்பக் கூடாது. வெல்டிங் கண்ணாடியில் 14ஆம் எண் கண்ணுக்குப் போதும். ஆனால் படம் பச்சையாகவும் மங்கலாகவும் விழும்.

மஞ்சளோ சாணமோ கரைத்த தண்ணீரைத் தாம்பாளத்தில் வைத்து, அதில் சூரியனைப் பார்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குப் பாதுகாப்பான அளவோ லட்சத்தில் ஒரு பங்கு. வீட்டில் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். என் அப்பாயியிடம் சொன்னபோது, “நாங்க ஓரக்கண்ணாலதானேடா பாத்தோம்” என்றார்.

படலம் வந்ததும் அதை விளக்குக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு துளை இருந்தாலும் அந்தப் படலம் பயன்படாது.

எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் தேவை?

லென்ஸின் குவியத் தொலைவை 109ஆல் வகுத்தால், சூரியனின் உருவம் சென்சாரின் மேல் எத்தனை மில்லிமீட்டர் விட்டத்தில் விழும் என்பது தெரியும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் அது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, 500இல் ஏறத்தாழ 4.6, 1000இல் 9. முழுச் சட்டக் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். முழுக் கிரகணத்தில் நமக்கு வேண்டியது நிலவின் கருவட்டம் மட்டுமல்ல, அதைச் சுற்றி இரண்டு மூன்று விட்ட தூரத்துக்குப் பரவும் ஒளிமகுடமும்தான். அதனால் 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும் என்பது என் கருத்து. 1000 மில்லிமீட்டரில் சூரியன் பெரிதாக விழுந்தாலும் ஒளிமகுடத்தின் இறகுகள் சட்டத்துக்கு வெளியே போய்விடும். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 70–200 லென்ஸைச் சிறிய சென்சார் கேமராவில் மாட்டி எடுத்தாலும் நாணத்தக்க படம் ஒன்றும் வராது.

எக்ஸ்போஷர் எவ்வளவு வைப்பது? தானியங்கி முறையில் விட்டால் என்ன?

தானியங்கி முறை கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து, எல்லாவற்றையும் வெளுக்கச் செய்துவிடும். எனவே எல்லாமே கைமுறையில்தான். கீழே உள்ள எண்கள் அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 8, கேமராவின் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100 என்று வைத்துச் சொல்லப்படுகின்றன.

அடர்த்தி எண் 5 வடிகட்டியோடு பகுதி கிரகணத்தை எடுக்க 1/400 நொடியில் தொடங்கலாம். நிலவின் மேடு பள்ளங்களின் இடுக்கில் மணி மணியாகச் சூரியன் மின்னும் பெய்லி மணிகளுக்கு வடிகட்டி இல்லாமல் 1/4000 அளவு போதும். சூரிய விளிம்பில் இளஞ்சிவப்பாக எழும் தீப்பிழம்புகளுக்கு 1/1000, ஒளிமகுடத்தின் உட்பகுதிக்கு 1/200, அதற்கடுத்த பகுதிக்கு 1/50 முதல் 1/15 வரை வேண்டும். ஒரு சூரிய ஆரம் தள்ளிப் போனால் 1/3, இரண்டு ஆரம் தள்ளி முக்கால் நொடியை நெருங்க வேண்டும். ஒரே படத்தில் இவ்வளவையும் அடக்க எந்தச் சென்சாராலும் ஆகாது. அதனால் 1/1000 முதல் 1/2 நொடி வரை, இரண்டு படிகள் வீதம், அதாவது ஒவ்வொரு முறையும் நான்கு மடங்கு, ஷட்டர் வேகத்தை மாற்றி ஒரு சுற்று எடுத்து, அதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். எக்ஸ்போஷரைத் தானே மாற்றி மாற்றி அடுத்தடுத்து எடுக்கும் கேமராவின் பிராக்கெட்டிங் வசதி இதற்காகவே இருப்பது போலப் பயன்படும். கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பூமி சுழல்வதால் சூரியன் இரண்டு நிமிடத்துக்குத் தன் விட்டத்தின் அளவு நகர்கிறது. 500 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு நொடி திறந்து வைத்தால் உருவம் 0.036 மில்லிமீட்டர் இழுபடும், அதாவது பல பிக்சல்கள். சூரியனைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும் கருவி இல்லாதவர்கள் ஐ.எஸ்.ஓ.வை 400க்கு ஏற்றி, நீண்ட எக்ஸ்போஷரை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். 2027இல் முழுமறைப்பு நீடிக்கும் ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் சூரியன் மூன்று விட்டம் நகரும் என்பதால், முழுமறைப்புத் தொடங்கும்போது அதைச் சட்டத்தின் நடுவில் வைக்காமல், நகரப்போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றரை விட்டம் தள்ளி வையுங்கள். பாதி நேரத்தில் அது தானாகவே நடுவுக்கு வந்து சேரும்.

2024இல் நீங்கள் எடுத்த படங்களில் முதல் பாதி மங்கல் என்று சொன்னீர்களே, என்ன நடந்தது?

வெட்கக்கேடான காரணம்தான். என்னுடையது திருகி மாட்டும் வடிகட்டி. முழுமறைப்புக்குச் சில நொடிகள் முன்பு அதை அவசரமாகத் திருகிக் கழற்றியபோது, லென்ஸின் ஃபோகஸ் வளையமும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிட்டது. நான் மேலே பார்த்து வாய்பிளந்து நின்றேனே தவிர, திரையைப் பார்க்கவில்லை. அங்கே நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே முழுமறைப்பு நீடித்தது. அதில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து மருமகன், “மாமா, படம் கலங்கலா தெரியுதே” என்று சொன்ன பிறகுதான் கவனித்தேன். முப்பது வருடம் மணமேடையில் தாலி கட்டும் நொடியைத் தவறவிடாதவன் என்ற பெருமை அன்றோடு போயிற்று.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் வழி இது. வேட்டி வரும் அட்டைப் பெட்டியை வெட்டி, லென்ஸின் வாயில் தொளதொளப்பாக இல்லாமலும் இறுக்கமாக இல்லாமலும் உட்காரும் ஒரு மூடியைச் செய்து, அதில் படலத்தை ஒட்டியிருக்கிறேன். ஒரு விரலால் தட்டினால் கழன்று வரும், காற்றடித்தால் விழாது. பகுதி கிரகணத்தின்போதே சூரியனின் கூரான முனைகளைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கைமுறையில் ஃபோகஸ் செய்து, வளையத்தின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுகிறேன். வெயிலில் லென்ஸ் சூடேறினால் ஃபோகஸ் மெல்ல நகரும். ஆகவே முழுமறைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு இன்னொரு முறை சரிபார்ப்பது அவசியம்.

இதையெல்லாம் ஊரிலேயே ஒத்திகை பார்க்க வழி உண்டா?

உண்டு, அதுவும் மாதந்தோறும். முழு நிலவும் சூரியனும் வானில் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால்தான் முழுக் கிரகணம் என்ற ஒன்றே நிகழ்கிறது. ஒளிமகுடத்தின் மொத்த ஒளியும் ஏறத்தாழ முழு நிலவின் ஒளிக்கு ஈடானது. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100இல் முழு நிலவுக்கு 1/200 நொடி சரியாக வரும். ஒளிமகுடத்தின் உட்பகுதிக்குச் சொன்ன எண்ணும் அதுதான். எனவே பௌர்ணமியன்று பூம்புகார் கடற்கரையிலோ மொட்டை மாடியிலோ ட்ரைபாடை நிறுத்தி, முழுச் சுற்றையும் கடிகாரம் வைத்து ஓட்டிப் பார்ப்பது உண்மையான பயிற்சி. நிலவு நகரும் வேகம், சட்டத்தில் அதன் அளவு, ட்ரைபாட் அசைகிறதா என்பது, கார்டு எழுதி முடிக்க எடுக்கும் நேரம் எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

வடிகட்டியைக் கழற்றி மாட்டும் ஒத்திகையை மட்டும் பகலில் செய்ய வேண்டும். அதைச் சூரியனை நோக்கிச் செய்யாதீர்கள். லென்ஸை எதிர்த்திசையில் ஒரு தென்னை மரத்தின் மேல் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஐம்பது முறை செய்யுங்கள். கைப்பேசியில் உங்கள் குரலிலேயே ஒரு பதிவையும் வைத்துக்கொள்ளலாம். “இன்னும் இரண்டு நிமிடம்”, “இருபது நொடி, வடிகட்டியை எடு”, “இப்போது கேமராவை விட்டு மேலே பார்”, “பத்து நொடி, வடிகட்டியைத் தயாராக வை” என்று அது சொல்லிக்கொண்டே வரட்டும். நீங்கள் நிற்கும் இடத்துக்கான நேரத்தை நொடிக் கணக்கில் முன்பே குறித்துக்கொண்டு, அந்தப் பதிவை அதற்கேற்ப ஓடவிட வேண்டும். மூன்றாவது கட்டளையைப் பலர் பதிவில் சேர்ப்பதில்லை. ஆறு நிமிடத்தில் ஒரு நிமிடத்தையாவது அதற்கு ஒதுக்குவதே சரி என்பேன்.

2027இல் எங்கே போனால் நல்லது?

எகிப்தின் லக்சர் நகரை ஒட்டிய பகுதியில் முழுமறைப்பு 6 நிமிடம் 23 நொடி வரை நீடிக்கிறது. ஆகஸ்டில் அங்கே மேகம் அபூர்வம், வெயில் மட்டும் கொடுமை. தென் ஸ்பெயினில் நேரம் குறைவு, ஆனால் காலை வேளை என்பதால் சூரியன் தாழ்ந்து நிற்கும். நிலக்காட்சியோடு சேர்த்து எடுக்க விரும்புவோருக்கு அது வசதி.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஜித்தாவும் மக்காவும் பட்டைக்குள் வருகின்றன, ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிடம் கிடைக்கும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர்க்காரர்கள் அங்கே வேலை பார்க்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ ஒரு படலத்தை முன்கூட்டியே அனுப்பி வைத்தால், விமானச் சீட்டு இல்லாமலேயே குடும்பத்துக்கு ஒரு படம் கிடைத்துவிடும்.

இந்தக் கிரகணம் சாரோஸ் 136 என்ற வரிசையைச் சேர்ந்தது. 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை அதே வரிசையில் ஒரு கிரகணம் வரும். ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க எடிங்டன் குழுவினர் படம் எடுத்த 1919 மே 29, இலங்கையின் மேல் சென்ற 1955 ஜூன் 20, என்னை மேகத்தால் ஏமாற்றிய 2009 ஜூலை 22 ஆகிய எல்லாம் இதன் மூத்த உடன்பிறப்புகள். எனக்கு இந்தக் குடும்பத்தோடு தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று பாக்கி.

லக்சரில் சூரியன் உச்சியில் இருக்கும் என்கிறார்களே, அதனால் படம் எடுப்பதில் சிக்கல் வருமா?

வரும். அங்கே முழுமறைப்பின்போது சூரியன் தொடுவானிலிருந்து 82 பாகை உயரத்தில், ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே இருக்கும். சாதாரண ட்ரைபாட் தலைகள் பலவற்றில் கனமான லென்ஸை அவ்வளவு செங்குத்தாக நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் மெல்லச் சரியும். ஊரிலேயே நிமிர்த்தி அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் நம் ஊரிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கே வருவதால், வடிகட்டியோடு அதே கோணத்தில் ஒத்திகை பார்க்கலாம். மடக்கித் திருப்பும் திரை உள்ள கேமரா கழுத்தைக் காப்பாற்றும். கறுப்புக் கேமரா வெயிலில் கொதித்து நின்றுவிடாமல் இருக்க, முழுமறைப்பு வரை அதன் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்தி வையுங்கள்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சூரியனை நெருக்கமாக எடுக்க முயலாதீர்கள், அது ஒரு வெள்ளைப் புள்ளியாகவே விழும். கைப்பேசியைச் சிறு ட்ரைபாடில் வைத்து, உங்கள் குடும்பத்தாரின் முகங்களும் அவர்களுக்குப் பின்னால் தொடுவானமும் தெரியும்படி, முழுமறைப்புக்கு ஐந்து நிமிடம் முன்பே காணொளியை ஓடவிட்டு, எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். நிழல் வந்து கவிவதும், சுற்றிலும் எல்லாத் திசையிலும் அந்தி நிறம் படர்வதும், “ஐயோ” என்று யாரோ கத்துவதும் அதில் பதிவாகும். என்னிடம் உள்ள கிரகணப் பதிவுகளில் என் மனைவி திரும்பத் திரும்பப் பார்ப்பது, மகள் தன் கைப்பேசியில் எடுத்த அத்தகைய காணொளியைத்தான். கூர்மையான ஒளிமகுடப் படங்களை அவர் ஒருமுறை பார்த்ததோடு சரி.

கிரகண நேரத்தில் வெளியே போகக் கூடாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன சொல்வது?

திருநாகேஸ்வரத்தில் ராகுவும், கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவும், ஆடுதுறைக்கு அருகே சூரியனார்கோயிலில் சூரியனும் இருக்கும் மண்ணில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. சாப்பாட்டில் தர்ப்பையைப் போடுவதும், விட்டதும் குளிப்பதும் படத்துக்கு எந்த இடையூறும் செய்வதில்லை, அவற்றைப் பற்றி வாதாடி நான் எதையும் சாதித்ததில்லை. சூரியனைப் பார்க்காதே என்ற பகுதி மட்டும் வடிகட்டி இல்லாதவருக்கு முற்றிலும் பொருந்தும் அறிவுரை. 2019இல் மாடியில் ஒரு வெள்ளை அட்டையின் மேல் சூரிய உருவத்தை விழச் செய்து, படியேற மறுத்த அப்பாயிக்கு அதைப் படமாக எடுத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். “இவ்வளவுதானா” என்று கேட்டுவிட்டு, அடுத்த ஐந்து நிமிடத்தில் அவரே மேலே வந்துவிட்டார்.

ஊரிலேயே இருக்கிறவர்கள் 2027 ஆகஸ்ட் 2 அன்று எதைப் படம் எடுக்கலாம்?

அன்று திங்கட்கிழமை, ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கையும் ஒட்டி வருகிறது. காவிரிப் படித்துறைகளிலும் பூம்புகார், வேதாரண்யம் கடலிலும் நீராடவும் தர்ப்பணம் கொடுக்கவும் கூட்டம் நிறைந்திருக்கும். கிரகணத்தைப் பார்க்கும் மக்களும் அந்த நீரும் சேர்ந்த படம் லக்சருக்குப் போனவர்களுக்குக் கிடைக்காது.

மாலைச் சூரியனைக் கோபுரத்தோடு சேர்த்து எடுக்க நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட வேண்டும். ஒரு கோயில் விமானத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் நின்றால், அதன் உச்சி ஏறத்தாழ 18 பாகை உயரத்தில் தெரியும். ஆகஸ்ட் தொடக்கத்தில் நம் பகுதியில் சூரியன் மறைவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு அந்த உயரத்தில் இருக்கும். 216 அடி என்று சொல்லப்படும் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு இது சுமார் 650 அடி தூரம். அந்த மாதத்தில் சூரியன் நேர் மேற்குக்குச் சற்று வடக்கே இறங்குவதால், நீங்கள் விமானத்துக்குக் கிழக்கே, சற்றுத் தெற்கு தள்ளி நிற்க வேண்டும். கிரகணத்தன்று பல கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே வெளியிலிருந்து எடுக்கும் இடத்தை முந்தைய வாரமே போய்ப் பார்த்து வையுங்கள்.

இதில் ஒரு நேர்மைக் கேள்வியும் உண்டு. வடிகட்டியோடு எடுத்தால் சூரியனை மறைக்கும் கலசத்தின் விளிம்பு மட்டுமே தெரியும், கோயில் முழுதும் கறுத்துவிடும். கோயிலும் கடிபட்ட சூரியனும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் படம் பெரும்பாலும் இரண்டு படங்களின் கூட்டு. கூட்டுவதில் தவறில்லை, கூட்டியது என்று படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு கிரகணத்துக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரம்மாண்டச் சூரியன்களை நாமும் பெருக்க வேண்டாம்.

கேமராவே வேண்டாம் என்பவர்கள் புங்க மரத்தடிக்குப் போகலாம். இலை இடுக்குகள் ஊசித்துளைகளாகி, தரையில் நூற்றுக்கணக்கான கடிபட்ட சூரியன்களை விழச் செய்யும். இடியாப்ப அச்சின் தட்டைப் பிடித்தாலும் அதே காட்சி வெள்ளைச் சுவரில் வரும். மறைப்பு சிறியது என்பதால், சுவரிலிருந்து ஒரு ஆள் உயரமாவது தள்ளிப் பிடித்தால்தான் கடி புலப்படும்.

மேகம் வந்துவிட்டால்?

தாரேக்னாவில் நான் செய்த தவறு, மேகம் மூடியதும் கேமராவைப் பையில் வைத்ததுதான். சூரியன் தெரியாவிட்டாலும் நிழல் வந்தது, காலை ஆறரை மணிக்கு நள்ளிரவு போல இருட்டியது, நாய்கள் ஊளையிட்டன. அகன்ற லென்ஸில் அதைப் பதிவு செய்திருக்கலாம். இப்போது இரண்டாவது கேமரா ஒன்றை எப்போதும் தரையை நோக்கியே வைக்கிறேன்.

எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பது எப்படி?

ஒரே சுற்றில் எடுத்த, வெவ்வேறு எக்ஸ்போஷர் கொண்ட படங்களை நிலவின் விளிம்பை வைத்து அடுக்காமல், ஒளிமகுடத்தின் கோடுகளை வைத்து அடுக்குங்கள். நிலவு சூரியனின் மேல் நகர்ந்துகொண்டே இருப்பதால் விளிம்பு ஏமாற்றும். கணினியில் கூர்மையை அளவுக்கு மேல் ஏற்றினால் ஒளிமகுடம் தேங்காய் நார் போல ஆகிவிடும், கண்ணால் பார்த்தது பட்டு போல இருந்தது.

2027ஐத் தவறவிட்டால் அடுத்து எப்போது?

2028 ஜூலை 22 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு மேல் முழுக் கிரகணம் போகிறது. 2034 மார்ச் 20 அன்று ஒரு முழுக் கிரகணத்தின் பட்டை நம் நாட்டின் வடகோடியில் லடாக்கைத் தொடும், ரயிலிலும் பேருந்திலும் போய்ச் சேரக்கூடிய அடுத்தது அதுதான். அதற்கு முன் 2031 மே 21 அன்று நண்பகலை ஒட்டி ஒரு வளைய கிரகணம் கேரளத்தில் ஏறி, தேனி, மதுரை, காரைக்குடி வழியாக வேதாரண்யம் வரை வருகிறது. அதற்கு வடிகட்டியைக் கழற்றவே கூடாது என்பதை மட்டும் மறக்காமல், அட்டை மூடியைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய படலத்தை அந்த ஆண்டு மீண்டும் ஒருமுறை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.